அந்தச் சாரதி என்ன ஆனான்

படத்தைப் பின்னால் ஓட்டிக் காட்டும்படி அவர் கேட்டபோது வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம். இடைவேளைக்கு நாலே நாலு நிமிடம் இருந்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அது மொன்றியலின் வில்லரே பகுதியில், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில் நடந்த பிரெஞ்சு வகுப்பு. நான் கணவரின் ஸ்பொன்சரில் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னவர் மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். அவ்வளவு காலமும் உணவகங்களின் பின்கட்டில் சட்டி பானைகளோடு மட்டும் பழகியதால் பிரெஞ்சு அவர் நாக்கில் ஒட்டவே இல்லை. கடைசியாக வேலை செய்த இடத்தை மூடிவிட்டார்கள். வேலை தேடித் தரும் அலுவலகம் அவரைக் கொண்டுவந்து எங்களோடு உட்கார வைத்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. அவர் என்னைப் புள்ள என்பார், நான் அவரை அண்ணை என்பேன்.

ஆசிரியை இளம்பெண். இலக்கணம் படித்து நாங்கள் களைத்துவிட்டோம் என்று பாவப்பட்டு ஒரு பொலிஸ் படம் போட்டாள். பிரான்ஸில் எடுத்த படம். ஒரே கட்டடத்தில் இரண்டு பொலிஸ் பிரிவுகள். ஒன்று கொள்ளைக்காரரைப் பிடிப்பது, மற்றது போதைப்பொருளைப் பிடிப்பது. இரண்டுக்கும் இரண்டு தலைவர்கள். மேலே ஒரு பதவி காலியாகப் போகிறது. அது யாருக்கு என்பதுதான் சண்டை. ஒருவர் பிடித்து வைத்தவனை மற்றவர் பறிப்பார், ஒருவர் விரித்த வலையை மற்றவர் அறுப்பார். நடுவில் கொள்ளைக் கூட்டத்துக்குக் கார் ஓட்டிய ஓர் இளம் சாரதியை முதல் பிரிவு பிடித்துக் கூண்டில் வைத்திருக்கும். மற்றப் பிரிவின் ஆள் ஒருவன் வந்து, காவலுக்கு நிற்பவனின் தோளில் தட்டி, அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிச் சாரதியைக் கூட்டிக்கொண்டு போவான். அதற்குப் பிறகு அந்தச் சாரதி படத்தில் வரவேயில்லை. நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? படம் தலைவர்களைப் பற்றியது.

படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் எழும்பி ஐந்து வசனத்தில் கதையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் இரண்டு தலைவர்களையும் பற்றிச் சொன்னோம். அவருடைய முறை வந்தது. எழும்பி நின்றார். வகுப்பில் பதில் சொல்லும்போது கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார். ஏன் இந்த மனிசன் இப்படி விறைக்கிறார் என்று நான் நினைப்பதுண்டு.

"மதாம்," என்றார். "ஊ ஏ ல ஷொஃபர்?"

சாரதி எங்கே என்று கேட்கிறார். ஆசிரியை சிரித்துக்கொண்டு, சாரதி முக்கியமில்லை என்று விளக்கினாள். பலகையில் இரண்டு தலைகளை வரைந்து, இவர் ஒரு தலைவர், இவர் மற்றவர் என்று காட்டினாள். அவர் தலையை ஆட்டவில்லை. "கீ அ சின்யே?" என்று கேட்டார். யார் கையெழுத்துப் போட்டது? அவருக்குப் படமே விளங்கவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவர் விடவில்லை. விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பின்னால் ஓட்டு என்றார். ஓட்டினாள். கூண்டு வந்தது, தோளில் தட்டுகிற கை வந்தது.

"பார் புள்ள," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "மேசையில புத்தகம் கிடக்கு. பேனையும் கிடக்கு. ஒருத்தனும் கையெழுத்து வைக்கல்ல."

"அண்ணை, இது படம். அதில கிடக்கிற புத்தகமும் சும்மா ஒரு அட்டைப் புத்தகம். வாங்கோ, கோப்பி குடிப்பம்."

அவர் வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோதும், அணைத்துவிட்ட திரையைப் பார்த்தபடி அதே கதிரையில் இருந்தார். அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பற்றி எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். அவர் ஐந்து வசனமும் அந்தச் சாரதியைப் பற்றியே எழுதியிருந்தார். ஒரு பிழை இல்லை. ஆனாலும் தலைவர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லி ஆசிரியை பாதிப் புள்ளிதான் போட்டாள்.

கையெழுத்து விஷயத்தில் அவரோடு பழகுவது பெரிய கரைச்சல். வகுப்பில் அகராதி இரவல் கேட்டால், கொப்பியின் கடைசித் தாளை நீட்டுவார். அதில் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அவர் தன் கையெழுத்தை வைப்பார். ஒரு அழிறப்பருக்கும் இதே சடங்குதான். "நீங்கள் முந்தின பிறப்பில அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரோ அண்ணை?" என்று கேட்டால் சிரிப்பார். ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

ஒரு மாசி மாதம், பனி கொட்டி பஸ்களெல்லாம் நின்றுவிட்டன. நான் அப்போது வகுப்பு முடிந்து ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மகளைப் பகலில் விடுகிற பிள்ளைகள் காப்பகம், கார்தெரி, ஆறு மணிக்குப் பூட்டிவிடும். கணவரும் வேலையில். அண்ணையின் வீடு கார்தெரிக்குப் பக்கத்துத் தெருவில்தான். போன் எடுத்துக் கெஞ்சினேன். போய்க் கூட்டிவந்தார். அங்கே பிள்ளையைக் கொடுப்பதற்கு முன் அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்து வாங்கினார்களாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறொரு நாளும் பார்த்ததில்லை.

"நல்ல ஆக்கள் புள்ள. என்னை நாலுதரம் மேலும் கீழும் பார்த்துப்போட்டுத்தான் தந்தவங்க."

பிறகு என் முன்னால் ஒரு கடதாசியை நீட்டினார். தமிழில் வடிவான எழுத்து. பெண்பிள்ளை ஒன்று, கையுறை இரண்டு, தொப்பி ஒன்று, மூக்கு சிறிது வடிகிறது, மற்றப்படி நலம். பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்து வைக்கவேண்டும். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. என்ர பிள்ளையை எடுக்க நான் ஏன் கையெழுத்து வைக்க வேண்டும்? ஆனால் அவர் சிரிக்கவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை பிள்ளையின் கையை அவர் விடவுமில்லை.

பிரெஞ்சு ஓரளவு பிடிபட்டதும், வில்லரேயில் நம்மவர் ஒருவரின் டெப்பனரில், அதுதான் பாலும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடையில், அவருக்கு வேலை கிடைத்தது. அக்கம்பக்கத்து ஆட்களுக்கு வரும் பொதிகளையும் அந்தக் கடையில்தான் இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்சாதியின் பெயருக்கு வந்த பொதியைப் புருஷன் கேட்டால் கொடுக்க மாட்டார். புருஷன் கத்துவான். "கத்துங்க. அவ வரட்டும், அல்லாட்டிக் கடிதம் தரட்டும்" என்பார். கடைக்கார முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் முறையிடுவார். என் வேலை முடிந்து வரும் வழியில்தான் அந்தக் கடை.

இந்த வேடிக்கையெல்லாம் ஒருநாள் முடிவுக்கு வந்தது. கடைக்கு எதிரே ஒரு வீட்டில் திருட்டு நடந்திருந்தது. கடையின் கமெராவில் தெரு தெரியும். முதல்நாள் நகரப் பொலிஸ் வந்து பதிவைக் கேட்டார்கள். அவர் கடதாசி நீட்ட, அவர்களும் கையெழுத்து வைத்து ஒரு பிரதி வாங்கிப் போனார்கள். அடுத்தநாள் நான் உள்ளே பால் எடுத்துக்கொண்டு நின்றபோது வேறு இரண்டு பேர் வந்தார்கள். மாகாணப் பொலிஸாம். அதே திருட்டை அவர்களும் தேடுகிறார்களாம். முதல் வந்தவர்கள் தங்களுக்குத் தராததால் நேரே வந்ததாக ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னான். சொல்லிவிட்டுக் கவுண்டருக்கு மேலால் கையை நீட்டி அவருடைய தோளில் சிநேகிதமாகத் தட்டினான்.

அவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். "நோன்," என்றார். "நோன், நோன்." முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, தானே பதிவை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பொலிஸ்காரன் நல்லவன். பயந்த கிழவன் என்று நினைத்து, கடதாசியில் கையெழுத்தும் வைத்துவிட்டுத்தான் போனான். ஆனால் அவர் அந்தக் கடதாசியைத் தொடவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தண்ணீர் பீச்சி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாங்கில் உட்கார்ந்ததும், "ஏன் அண்ணை இப்பிடிப் பயந்தனீங்கள்? பொலிஸ் எண்டா உங்களுக்கு அவ்வளவு பயமோ?" என்று கேட்டேன்.

"நானும் பொலிஸ்தான் புள்ள," என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக அவர் இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லாத விஷயம் அது. ஏன் சொல்லவில்லை என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கிழக்கில் பொலிஸ் உடுப்புப் போட்ட தமிழனை எல்லாப் பக்கத்தாரும் சந்தேகப்பட்டார்கள்.

சின்னப் பட்டினத்துப் பொலிஸ் நிலையம். இவர் அங்கே கான்ஸ்டபிள். அதே தெருவில் இன்னொரு பிரிவின் முகாம் இருந்தது. பெயர்தான் இரண்டும் பொலிஸ், ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக்கூடாது. மாதம் முடிய யார் எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று மேலிடம் கேட்கும். அதனால் பிடிபட்ட ஆளுக்கே அடிபிடி. ஒருநாள் லைட் இல்லாத சைக்கிளில் வந்த ஒரு பொடியனை இவர்களுடைய ஆட்கள் பிடித்து வந்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது. புத்தகத்தில் இவர்தான் பதிந்தார். தாய் வந்து சொன்னால் விட்டுவிடலாம் என்று நிலையத்துப் பெரியவரும் சொல்லியிருந்தார். மத்தியானம் ஜீப் ஒன்று வந்தது. இறங்கியவன் இவரோடு பயிற்சியில் ஒன்றாக இருந்தவன், ஒரே பீங்கானில் சாப்பிட்டவன்.

"ரெண்டு கேள்வி கேட்டுப்போட்டு பின்னேரத்துக்குள்ள கொண்டு வாறன் எண்டான். புத்தகத்தை நீட்டினன். பொறகு வைக்கிறன், என்னில நம்பிக்கையில்லையா மச்சான் எண்டு தோளில தட்டினான். எனக்கு வெக்கமாப் போயிற்று புள்ள. கூட்டாளிக்கிட்டக் கையெழுத்துக் கேக்கிறதா எண்டு. கதவைத் திறந்து நானேதான் அனுப்பினன். பொடியன் என்னைப் பார்த்து, அண்ணன், அம்மா வந்தா இரிக்கச் சொல்லுங்க எண்டான்."

பின்னேரம் ஜீப் வரவில்லை. அடுத்தநாள் முகாமில் கேட்டால், அப்படி ஒருவரையும் தாங்கள் எடுக்கவில்லை என்று சொன்னார்கள். கையெழுத்து இருந்தால்தானே கேட்கலாம். புத்தகத்தின்படி பொடியன் இவர்களுடைய கூண்டுக்குள்தான் இருக்கிறான். பெரியவர் பயந்துபோய் அந்தப் பக்கத்தையே கிழித்தார். தாய் வந்து வாசலில் நின்றா. இப்படி ஒரு பிள்ளை இங்கே வரவில்லை என்று சொல்லும்படி இவருக்கு உத்தரவு. சொன்னார்.

"பதினொரு நாள் வந்தாவு. பதினொரு நாளும் நான்தான் சொன்னன்."

அன்று நான் அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. என் தாய்வழியிலும் இப்படிக் காணாமல் போன ஒருவர் உண்டு. அவருக்காக யார் எந்த வாசலில் போய் நின்றார்களோ, அங்கே யார் என்ன சொல்லி அனுப்பினார்களோ! இரண்டு வாரம் அந்தக் கடைப்பக்கமே போகாமல் சுற்றுவழியால் வீட்டுக்குப் போனேன். பிறகு மனம் கேட்கவில்லை. போனேன். ஒன்றும் நடக்காததுபோல் "வா புள்ள" என்றார்.

அடுத்த வருடம், காணாமல் போனவர்களுக்காக ஒரு தேவாலய மண்டபத்தில் நம்மவர்கள் கூட்டம் வைத்தார்கள். நான்தான் அவரை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். வரிசையாக ஆட்கள் படங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். மடியில் ஒரு பொடியனின் படம். இவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த இடம் நோகும் அளவுக்குப் பிடித்தார்.

"இவன்தான்."

"வடிவாப் பாருங்கோ அண்ணை. எத்தனை வருசம்..."

"இவன்தான் புள்ள."

விசாரித்தோம். அந்த அம்மா மகளின் ஸ்பொன்சரில் வந்து செயின்ட்-மிஷேலில் மகளோடு இருக்கிறார். மூத்தது மகன், அவன்தான் படத்தில். அதற்குப் பிறகு அண்ணைக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். கூண்டைத் திறந்தது நான், இல்லையென்று சொன்னதும் நான், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன ஆளிடம் கொடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும். "அவ செருப்பால அடிச்சாலும் சரி," என்றார். "ஒரு தாய்க்குப் பதில் சொல்லாமச் சாகக்கூடாது." தனியாகப் போகப் பயம். என்னை வரச் சொன்னார். எனக்கும் பயம்தான். சந்தையில் வேலை அதிகம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு கிழமை சாட்டுச் சொன்னேன். மூன்றாவது கிழமை சாட்டுத் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் போனோம். அந்த அம்மாவே கதவைத் திறந்தார். அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி அண்ணையைப் பார்த்தார். "வாங்க, இரிங்க," என்றார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தா. சுவரில் அதே படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆளின் படத்தை எப்படி மாட்டுவோமோ அப்படி.

நான் கதிரையில் இருந்தேன். அவர் இருக்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூங்காவில் எனக்குச் சொன்ன அதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. தன்னைக் குறைத்தும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது. மகள் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றா.

அந்த அம்மா அழவில்லை. "அந்தப் பொடியன் என்ன சேட்டுப் போட்டிருந்தான்?" என்று கேட்டார்.

"நீலக் கட்டச் சேட்டு, அம்மா. மேல் பொத்தான் மட்டும் வேற நிறம்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது என்ட மகன் இல்ல. அவன் அண்டைக்கு வெள்ளைச் சேட்டு."

"அம்மா, நீங்கதானே வந்து நிண்டீங்க. பதினொரு நாள்..."

"நான் வரல்ல. எங்கட பக்கத்துல எத்தனையோ தாய்மார் வந்து நிண்டாங்க. நீங்க ஆரையோ நினைச்சு இஞ்ச வந்திட்டீங்க. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

குடித்தார். ஆறின தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது வெளியே பார்த்தபடி வந்தார். ஜான்-டலோன் தெருவில் இறங்கும்போது என்னைக் கேட்டார்:

"அப்ப அவன் ஆர்ட புள்ள?"

மறுநாள் நான் சந்தையில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மகள் போன் எடுத்தா. என் இலக்கத்தை முதல்நாள்தான் கொடுத்திருந்தேன்.

"அக்கா, அம்மா பொய் சொன்னவ. அண்ணா போட்டிருந்தது நீலக் கட்டம்தான். அம்மாதான் தைச்சுக் குடுத்தவ. பொத்தான் காணாமல் என்ட சட்டையிலருந்து ஒண்டை வெட்டி வைச்சவ. அந்த மனிசனையும் அம்மா வாசலிலயே கண்டுபிடிச்சிட்டா."

"பேந்து ஏன்?"

"கேட்டன். அண்டைக்கு அவன் எனக்கு இப்பிடி ஒரு புள்ள இல்லையெண்டு சொன்னான், இண்டைக்கு நான் அவனுக்குச் சொல்லிட்டன் எண்டுறா." அவ அழுதா. "அவரிட்ட உண்மையைச் சொல்லிராதீங்கக்கா. அம்மா உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறா. அவர் ஒரு நாளைச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அதை நாங்க ஒத்துக்கொண்டா அந்த நாளில திதி பார்த்துத் திவசம் குடுக்கோணும். அம்மா இவ்வளவு காலமும் குடுக்கல்ல. குடுத்தா அவன் செத்திட்டான் எண்டு ஆகிரும்."

நான் என்ன செய்ய? சரி என்றேன். ஒரு தாய் கும்பிட்டுக் கேட்கிறா. சரி என்று சொல்லிவிட்டுத் தக்காளி அடுக்கினேன்.

அண்ணை சும்மா இருக்கவில்லை. அந்த அம்மாவின் பிள்ளை இல்லையென்றால் அவன் வேறொரு தாயின் பிள்ளை. அந்தத் தாயைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நகரத்தில் உள்ள மட்டக்களப்பு வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். கலியாண வீட்டுக்குப் போனார், செத்த வீட்டுக்குப் போனார், கோயில் அன்னதான வரிசையில் நின்றவர்களிடம் கேட்டார். "நீலக் கட்டச் சேட்டு, மேல் பொத்தான் வேற நிறம், பதினேழு பதினெட்டு வயது. உங்கட ஆக்களில ஆரும் இருக்காங்களா?" முதலில் ஆட்கள் இரக்கப்பட்டார்கள். பிறகு சலித்துப்போனார்கள். பிறகு அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறினார்கள். இந்த மனிசன் ஏன் இதைக் கேட்கிறார் என்று கதை பரவி, பொலிஸில் இருந்தவர் என்பதும் வெளியே வந்தது. டெப்பனர் முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதற்கும் அவர் கவலைப்படவில்லை, தேட நேரம் கிடைத்தது என்றார்.

இரண்டு வருடம் தேடினார். அந்த இரண்டு வருடமும் உண்மை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அவரைக் காணும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அண்ணை, அவதான் தாய், நீங்கள் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லிவிட்டீர்கள், இனி வீட்டில் இருங்கோ. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உள்ளுக்குள், பதினொரு நாள் நின்ற தாய்க்காக இவர் கொஞ்சம் அலையட்டுமே என்றும் ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. அதை இப்போது எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அண்ணைக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்த கடைசி நாள், பின்னேர வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. உடம்பு பாதியாகிப் போயிருந்தது.

"ஒட்டாவாவில ரெண்டு குடும்பம் இருக்காம் புள்ள. அவங்களக் கேக்கல்ல. நீ ஒருக்காக் கேக்கிறியா?"

"கேக்கிறன் அண்ணை."

"அவ எங்கயோ இருக்கா. வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பா."

அப்போதும் நான் சொல்லவில்லை. தாதி வந்தா, நேரமாகிவிட்டது என்றா, நான் எழும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டார். சுடலைக்கு ஆறு பேர் வந்தோம்.

ஒரு கிழமை கழித்து செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். உங்களுடைய பொய்யால் ஒரு மனிதன் இரண்டு வருடம் நாயாய் அலைந்து செத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்ல நினைத்துத்தான் படி ஏறினேன். அந்த அம்மா கதிரையில் இருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. அண்ணை செத்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

"வீடு வீடாப் போய்க் கேட்டவராம்," என்றார் அந்த அம்மா.

"ஓம். உங்கட பொய்யை நம்பி."

"தெரியும் மகள். கோயிலுக்கு வாற ஆக்கள் வந்து சொல்லுவாங்க. நீலக் கட்டச் சேட்டுப் போட்ட பொடியனை ஒரு விசரன் தேடித் திரியிறான் எண்டு. நான் வாயைத் திறக்கல்ல. முதல்ல அவனில உள்ள கோவத்துல. பொறகு..." நிறுத்திச் சேலையால் முகத்தைத் துடைத்தார். "என்ட புள்ளயை இந்த உலகத்துல நான் ஒருத்திதான் தேடினன். புருசன் போயிட்டாரு. ஊர் மறந்திட்டு. இந்தக் குளிருக்குள்ள இன்னொரு ஆளும் அவன்ட சேட்டு நிறத்தைச் சொல்லித் தேடித் திரிஞ்சாரு. நான் உண்மையைச் சொன்னா அவர் தேடுறதை விட்டிருவாரு."

சண்டை பிடிக்க வந்தவள் அந்த அம்மாவின் காலடியில் இருந்து அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார். அழுது முடியும்வரை எடுக்கவில்லை.

"அவர் எந்த நாள் போனாரு?"

"போன செவ்வாய். காலமை."

அந்த அம்மா உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். "புள்ள, பஞ்சாங்கத்தை எடுத்து அண்டைக்கு என்ன திதி எண்டு பார். அவருக்குக் குடுக்க இஞ்ச ஆளில்ல, நாங்க குடுப்பம்."

மகள் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து விரித்து, பேனையால் குறித்தா.

"இனித் தேட ஆளில்ல," என்றார் அந்த அம்மா. "அண்ணனுக்கும் அதையே குறி."